வாடாத வரிசை

செடி சாகவில்லை என்று ஒருத்தி கோபப்படலாமா? நான் பட்டேன். அந்தக் கோடை முழுக்க, பலேர்மோவுக்குப் பக்கத்துப் பகேரியாவில் ஒரு பழைய மாளிகையின் பின்பக்கத்துக் கண்ணாடி வீட்டுக்குள் வியர்த்து வழிந்தபடி, பச்சைப் பசேலென்று நின்ற தக்காளிச் செடிகளைப் பார்த்துப் பல்லைக் கடித்தேன்.

நான் பயிர் நோய்களை ஆராய்பவள். தக்காளிக்கு மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறும் வாடல் நோய் ஒன்று உண்டு. அதைக் கொண்டுவருவது ஒரு பூஞ்சை. ஆனால் எல்லாப் பூஞ்சையும் எதிரி இல்லை. வேரோடு ஒட்டி வாழ்ந்து, செடிக்கு நோயைத் தாங்கும் பலத்தைக் கொடுக்கிறவையும் உண்டு. அப்படி ஒன்றை, யாரும் கவனிக்காமல் விட்ட எலுமிச்சைத் தோட்டத்து மண்ணிலிருந்து பிரித்தெடுத்து வளர்த்து வைத்திருந்தேன். அது உண்மையிலேயே நல்லதுதானா என்று பார்க்க இரண்டு வரிசை தொட்டிகள் வைத்தேன். இரண்டு வரிசைக்கும் நோயைக் கொடுத்தேன். ஒரு வரிசைக்கு மட்டும் என் நல்ல பூஞ்சையைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். மற்றதற்கு எதுவும் இல்லை. அதை வெறும் வரிசை என்போம். வெறும் வரிசை வாடிச் சாக வேண்டும், மற்றது நிமிர்ந்து நிற்க வேண்டும். இரண்டும் நிமிர்ந்து நின்றால் யார் யாரைக் காப்பாற்றியது என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

என்னுடையது ஒப்பந்த வேலை. இலையுதிர் காலத்தோடு முடிகிறது. “இந்தச் சோதனை தெளிவாக வந்தால்தான் நீட்டித்துக் கேட்க எனக்கு வாய் இருக்கும்” என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். பலேர்மோவில் எங்கள் மன்னார் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். என் அம்மாவும் அதே மாளிகையின் இத்தாலிய எசமானி, கிழட்டு சினியோராவுக்குச் சமைத்துப் போட்டுத்தான் என்னைப் படிக்க வைத்தார். பல்கலைக்கழகத்தில் இடம் போதாமல் நான் தவித்தபோது, சும்மா கிடந்த கண்ணாடி வீட்டை சினியோராவிடம் கேட்டு வாங்கித் தந்ததும் அம்மாதான். “பூஞ்சணத்துக்கும் சம்பளம் தாறாங்களோ?” என்று என்னைக் கிண்டல் பண்ணுவார். ஆனால் கோவிலில் யாராவது என் வேலையை விசாரித்தால் கழுத்து ஒரு அங்குலம் நீளும்.

தொடக்கத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. வெறும் வரிசையின் கீழ் இலைகள் மஞ்சளாயின. எனக்கு ஒரே சந்தோஷம். பிறகு அந்த மஞ்சள் மேலே ஏறாமல் அப்படியே நின்றுவிட்டது. அடுத்த வாரம் புதுத் துளிர் விட்டிருந்தது.

சந்தேகம் எனக்குத் தொழிலாவதற்கு முன்பே குணமாக இருந்தது. மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் காசு கொடுக்க மாட்டேன். விற்கிறவன் சிரித்தால் இன்னும் ஆழமாகப் பார்ப்பேன். முதலில் என் நோயைச் சந்தேகப்பட்டேன். செத்துப்போன பூஞ்சையைக் கலந்துவிட்டேனோ? மிச்சத்தை ஆய்வகத்தில் வேறு செடிகளுக்குக் கொடுத்தேன். அவை சொன்னபடி வாடின. தண்ணீரைச் சோதித்தேன், குற்றம் இல்லை. பாக்கி இருந்தது மனுஷர்தான்.

கண்ணாடி வீட்டின் மறுபாதியில் என்னோடு வேலை செய்யும் ஒருவன் எலுமிச்சைக் கன்றுகள் வைத்திருந்தான். பலேர்மோவிலேயே பிறந்தவன், மெலிந்த ஆள், மதியச் சாப்பாட்டை அடிக்கடி மறந்துவிட்டு வருகிறவன். அவனும் என்னைப் போல ஒப்பந்தம்தான். நீட்டிப்பு ஒருவருக்குத்தான் கிடைக்கும் என்று காப்பி இயந்திரத்தடியில் ஒரு கதை உலாவியது. இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? அவன் குட் மார்னிங் சொல்வதில்கூட ஏதோ ஒளிந்திருப்பதாகப் பட்டது. முன்பெல்லாம் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்து பகேரியா வரை கதைத்துக்கொண்டு போவோம். நான் அடுத்த பெட்டியில் ஏறத் தொடங்கினேன்.

வெறும் வரிசைத் தொட்டிகளின் குச்சிகளுக்கிடையே மெல்லிய தையல் நூல் கட்டினேன். யாராவது கை வைத்தால் அறும். இரண்டாம் நாளே அறுந்திருந்தது. திரும்பக் கட்டிக்கொண்டிருக்கும்போது அவன் பின்னால் வந்து நின்றான்.

“இந்த நூல் எதற்கு?”

“உயரம் அளக்க.”

அவன் நூலையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். பிறகு, “ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. என் கன்றுகளை யாரோ தொடுகிறார்கள். நீயா?” என்றான்.

திருடன்தான் முதலில் கூச்சல் போடுவான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். “நான் ஏன் உன் எலுமிச்சையைத் தொடப்போகிறேன்?” என்று சுள்ளென்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். இரண்டு பேரும் அதற்குப் பிறகு கத்தரிக்கோலைக்கூடக் கடன் கேட்கவில்லை.

அன்றைக்கே ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்த்தேன். நான் நிரப்பியது ஆவியில் வேகவைத்துச் சுத்தம் செய்த கறுப்பு மண். அதன் மேல், தண்டைச் சுற்றி, ஒரு சிட்டிகை அளவு செம்மண் கிடந்தது. வெறும் வரிசையில் ஒவ்வொரு தொட்டியிலும் கிடந்தது. என் பூஞ்சை ஊற்றிய வரிசையில் ஒரு துகள்கூட இல்லை. போட்டவருக்கு எந்த வரிசை எது என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். வெற்றியோடு மண்ணைச் சுரண்டிக் குப்பியில் எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தேன்.

நுண்ணோக்கியின் அடியில் செம்மணலும், பல வகைப் பூஞ்சைகளும், இடையிடையே வெள்ளையாய், கண்ணாடிபோலவும் இல்லாமல் உப்புபோலவும் இல்லாமல் சில சில்லுகளும் தெரிந்தன. ஊசியைச் சூடாக்கித் தொட்டேன். உருகியது. மெழுகு.

தோட்டத்து மண்ணில் மெழுகுதிரி மெழுகு எப்படி வரும்? பிறகுதான் நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில், மாதா படத்துக்குக் கீழே, ஒரு ஜாம் போத்தலில் இதே செம்மண் இருக்கிறது. மன்னார்க் கத்தோலிக்கர் வீடு எதிலும் அது இருக்கும். மடு மாதா கோவில் திருவிழாவுக்குப் போய் வருகிறவர்கள் கோவிலடி மண்ணை ஒரு பொட்டலம் கட்டி வருவார்கள். பாம்பு கடித்தால் பூசுவார்கள், காய்ச்சலுக்கு நெற்றியில் வைப்பார்கள். அங்கே மெழுகுதிரி எரியாத இடம் கிடையாது.

பலேர்மோவின் கால்சாப் பகுதியில் எங்கள் வீட்டுப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினேன். போத்தல் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. அம்மா மேசையில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, என்ரை தக்காளிக்கு மடுமண் போட்டனீங்களோ?”

“ஓம். ஏன், பட்டுப் போச்சோ?”

“இல்லை. அதுதான் பிரச்சினை.”

காய்ச்சல்காரியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். “ஒரு வரிசைக்கு வடிவா மருந்து ஊத்தினாய். மற்றதைத் திரும்பியும் பாக்கேல்லை. இலையெல்லாம் மஞ்சளாப் போச்சு. உன்ரை பூஞ்சணம் எல்லாத்துக்கும் போதாமப் போட்டுதாக்கும் எண்டு நினைச்சன். இது சரிவராட்டி வேலை போயிடும் எண்டு நீதானே புலம்பினனீ. மாதாட்டைச் சொல்லிப்போட்டு ஒவ்வொரு சிட்டிகை போட்டன். பிறகும் ரெண்டு மூண்டு தரம் போட்டன்.”

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!”

“சொன்னா நீ சயன்ஸ் கதைப்பாய்.”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. “அந்த வரிசை சாகத்தான் வேணும் அம்மா. அதுக்குத்தான் நட்டனான்” என்று கத்தினேன்.

அம்மாவின் கை பயற்றங்காயோடு நின்றது. “சாகிறதுக்கெண்டோ?”

“ஓம்.”

“சாகிறதுக்கெண்டு நட்டுப்போட்டு, தண்ணியும் ஊத்தினனீ?”

நான் பதில் சொல்வதற்குள் இன்னொன்றும் சொன்னார். “அந்தப் பெடியன்ரை எலுமிச்சைக்கும் கொஞ்சம் போட்டனான். பாவம், அவன் எப்பவும் பசியோடை வாறவன்.”

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். வெளிநாட்டு மண் ஒரு சிட்டிகைகூட இங்கே பயிரோடு சேரக் கூடாது. அதில் என்ன நோய் வருமோ யாருக்கும் தெரியாது. அதற்குச் சட்டம் இருக்கிறது. தொட்டி, மண், செடி எல்லாவற்றையும் பையில் கட்டி, கொதிநீராவியில் கொன்றாக வேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தால் சோதனை சரிவரவில்லை என்று மட்டும் சொல்லித் தப்பலாம். ஆனால் அவன் தன் எலுமிச்சைக் கணக்கையெல்லாம் நம்பி எழுதிக்கொண்டிருந்தான். சொன்னாலோ, அவன் போய் சினியோராவிடம் புகார் செய்தால் அம்மாவின் வேலை போகும். என் வேலையைக் காப்பாற்றப் போட்ட மண் எங்கள் இரண்டு பேரின் வேலையையும் புதைத்துவிடும்போல இருந்தது. அன்று நான் மாதாவையும் விடாமல் மனதுக்குள் திட்டினேன்.

மறுநாள் அவன் ஏறிய பெட்டியிலேயே ஏறி, பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். அவன் முகம் சிவந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்கும் எல்லாம் போய்விட்டது, கோபப்பட உரிமை இருந்தது. பகேரியா நிலையத்தில் இறங்கும்போதுதான் வாயைத் திறந்தான்.

“உன் அம்மா வேறு யாருக்காவது சொல்லியிருக்கிறாரா?”

“இல்லை.”

“சினியோராவுக்குத் தெரிய வேண்டாம்” என்றான். பிறகு, “நான் உன்னைத்தான் சந்தேகப்பட்டேன்.”

“நான் உன்னை.”

பேராசிரியர் கதையைக் கேட்டு நெற்றியைத் தேய்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, “அந்த மண்ணில் என்ன இருந்தது?” என்பதுதான். எனக்கும் அதே அரிப்புத்தான். என் பூஞ்சைக்கு உறவான ஏதோ ஒன்று அதிலிருந்து வேரைப் பிடித்திருக்கலாம். அந்தக் கண்ணாடி வீட்டு வெப்பமே நோயை அடக்கியிருக்கலாம். அம்மாவிடம் கேட்டால் மாதா என்பார். மூன்றில் எதற்கும் என்னிடம் சான்று கிடையாது. மண் இல்லாமல் விட்ட ஒரு செடிகூட அந்த வரிசையில் இல்லையே. பணம் முடிவதற்குள் இன்னொரு தரம் சிறிதாகச் செய்துபார்க்கச் சொன்னார். நீட்டிப்பைப் பற்றி ஒன்றும் உறுதி சொல்ல மாட்டேன் என்றார்.

செடிகளைப் பிடுங்கும் நாளில் அம்மாவும் சமையலை முடித்துவிட்டு வந்து நின்றார். கையுறை கொடுத்தேன். வெறும் வரிசையை அவரே பிடுங்கினார். ஒவ்வொன்றையும் வேரில் ஒட்டிய மண்ணோடு, நசியாமல் பைக்குள் வைத்தார். பிள்ளையைக் கிடத்துகிறவர் போல வைக்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

“அடுத்த முறையும் ஒரு வரிசையைச் சாக விடுவியோ?” என்று கேட்டார்.

“ஓம் அம்மா. இல்லாட்டி ஒண்டும் தெரியாது.”

“அப்ப கதவுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போடு. திறப்பை எனக்குத் தராதை.”

“உங்களுக்குத்தான் இப்ப விளங்கீட்டுதே. இனிச் செய்ய மாட்டீங்கள்தானே?”

“விளங்கீட்டுது. ஆனா மஞ்சளாக் கிடந்தா செய்வன் பிள்ளை. என்னை நம்பாதை.”

அடுத்த நாள் பூட்டு வாங்கினேன். ஊரில் இருக்கிற எல்லோரையும் சந்தேகப்பட்டவளுக்கு, அம்மா சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அதைக் கதவில் மாட்டும்போது மட்டும் கை கூசியது.