ரிட்டர்ன் ஜேபியும் தீவுக் கல்லும்

ஐசலின் வட்டாரத்தில் ஜெயபிரகாஷ் என்றால் யாருக்கும் சட்டென்று தெரியாது. ரிட்டர்ன் ஜேபி என்றால் உடனே சிரிப்பார்கள். வாங்கிய பொருளை ஆசை தீரப் பயன்படுத்திவிட்டுக் கடையில் திருப்பிக் கொடுப்பதில் மனிதர் கில்லாடி. ஊரிலிருந்து மாமனார் வந்தால் காற்று மெத்தை வாங்குவார். மாமனார் விமானம் ஏறிய மறுநாள் மெத்தையும் கிளம்பிவிடும். கிரீன் கார்டு இன்டர்வியூவுக்குப் போட்ட கோட்டு, மகளின் பிறந்தநாளுக்குக் கட்டிய கூடாரம் என்று எதுவும் அந்த வீட்டில் ஒரு மாதம் தங்கியதில்லை. கை நிறையச் சம்பாதிக்கிற டேட்டாபேஸ் ஆள்தான். இல்லாத கொடுமை இல்லை, இருக்கிற திமிர். காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள்கிறவன் எல்லாம் அவர் பார்வையில் ஏமாளி.

மனைவி ஷ்யாமளாவுக்கு இந்தப் பிழைப்பைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் பதினேழு வருஷமாக வாயைத் திறக்கவில்லை. அவர் கஸ்டமர் சர்வீஸ் வரிசையில் நிற்கும்போது இவள் போய்க் காருக்குள் உட்கார்ந்துகொள்வாள். அவ்வளவுதான் இவளுடைய எதிர்ப்பு.

செப்டம்பர் லாங் வீக்கெண்டுக்கு மெய்ன் மாநிலக் கடற்கரைக்குப் போனார்கள். அங்கிருந்து படகில் அரை மணி நேரத்தில் ஒரு தீவு. சிலேட்டுக் கல் வெட்டிய குடும்பங்கள் ஒரு காலத்தில் அங்கே குடியிருந்தன. குவாரியை மூடியதும் ஊரே காலி. கூரை போன வீடுகளும் தண்ணீர் நிரம்பிய பள்ளங்களும்தான் மிச்சம். சுவர், வாசற்படி, நடைபாதை எல்லாம் அதே சிலேட்டு. ஒரு சின்னக் கல்லைக்கூட எடுக்காதீர்கள் என்று படகை விட்டு இறங்கும் இடத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். அதெல்லாம் மற்றவர்களுக்கு.

புல்லுக்குள் குப்புறக் கிடந்த ஒரு கல் ஜெயபிரகாஷின் கண்ணில் பட்டது. முழ நீளம், வழவழவென்று இருந்தது. பூஜை அலமாரிக்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது, கல் கடையில் கொடுத்தால் மெருகேற்றிவிடுவான் என்றார். புளியோதரை தீர்ந்து காலியாகிவிட்ட கூலருக்குள் கல் ஏறிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதற்கு முன்னால் ஷ்யாமளா கல்லைத் தொட்டியில் போட்டுத் தேய்த்தாள். அடியில் அப்பியிருந்த மண் கரைந்து எழுத்து தெரிந்தது. பதினைந்து வயது மகள் அஞ்சனா குனிந்து படித்தாள். ஹானா என்று பெயர். அதற்குக் கீழே வயது, நான்கு மாதம்.

"மாம், இட்ஸ் எ பேபிஸ் கிரேவ்," என்றாள்.

ஷ்யாமளா தேய்ப்பதை நிறுத்தினாள். ஜெயபிரகாஷ் அசரவில்லை.

"எழுத்து இருக்கற பக்கத்தக் கீழ போட்டு வெச்சிடு. மேல சாமி உக்காந்திருக்கும். யாரு தூக்கிப் பாக்கப் போறாங்க?"

"கொண்டு போய் இருந்த எடத்துல வெச்சிட்டு வாங்க," என்றாள் ஷ்யாமளா.

ஒரு கல்லுக்காக எட்டு மணி நேரம் டிரைவ் பண்ணுவதா, நூறு வருஷமாக யாரும் எட்டிப் பார்க்காத கல்லுக்கா என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்போடு அவர்மேல் மிச்சமிருந்த மரியாதையும் போனது. ஷ்யாமளா காறித் துப்பவில்லை, அதுதான் குறை. சனிக்கிழமை விடிவதற்குள் கல்லைத் துண்டில் சுற்றி, அஞ்சனாவை ஏற்றிக்கொண்டு, தானே காரை எடுத்தாள். கல்லை எடுத்தது என் கணவர், நான் கொண்டுவந்திருக்கிறேன் என்று வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

படகுத்துறையில் இருந்த, தீவைப் பராமரிக்கிற ரேஞ்சர் அம்மாள் யார் எடுத்தது என்று கேட்கவேயில்லை. கல்லை இரண்டு கையாலும் வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டுத் தீவின் வரைபடத்தை விரித்தாள். அங்கே கல்லறைகள் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன, பெயர்ப் பதிவேடு எதுவும் இல்லை, கல் கிடந்த இடத்தைக் காட்டினால் அங்கேயே நட்டுவிடலாம் என்றாள்.

ஷ்யாமளா கணவருக்கு போன் போட்டாள். புல்லில் எங்கேயோ கிடந்தது, அதையெல்லாம் யார் கவனித்தார்கள் என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

"பட் யூ வேர் ரைட் தேர், மாம்," என்றாள் அஞ்சனா.

ஷ்யாமளா பக்கத்தில்தான் நின்றாள். கூலர் மூடியைத் திறந்து பிடித்ததே அவள்தான். அவர் செய்வதைப் பார்க்கக் கூசி, கல் உள்ளே போகும்வரை முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றிருந்தாள். வரைபடத்தில் அவளால் காட்ட முடிந்தது கடலை மட்டும்தான்.