ஆலா பெற்ற வீடு

சந்தாபுராவில் எங்கள் அபார்ட்மென்டுக்குப் பின்னால் இருக்கும் ஏரியின் நடுவே ஒரு பாறைத் திட்டு. கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் ஆலாப் பறவைகள் வந்துவிடும். கடற்கரை ஆலாவுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். இதுகள் கூடு கட்டுவதில்லை, வெறும் பாறையிலேயே முட்டையிடும். முட்டையும் கல் நிறம்தான். மிதித்த பிறகுதான் தெரியும்.

போன வருஷம் பீர் பாட்டிலோடு போனவர்கள் அத்தனையையும் மிதித்துத் தொலைத்தார்கள். அழுது தீர்த்தேன். இந்தத் தடவை ஒரு குஞ்சாவது பறந்தே ஆகவேண்டும் என்று வரிந்து கட்டிக்கொண்டு நின்றேன்.

"இதுக்குப் போய் அலட்டிக்கிறியே! சுவத்துல எவனும் ஒண்ணுக்குப் போகக் கூடாதுன்னா என்ன பண்றாங்க? சாமி படம் ஒட்டறாங்க இல்ல?" என்றார் என் வீட்டுக்காரர். முட்டையிடும் முன்பே போய், பாறையோரம் ஒரு கல்லை நிறுத்தி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துவிட்டு வந்தார். பாட்டில்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினார்கள். இவருக்குத் தலைகால் புரியவில்லை.

முட்டை பொரிகிற சமயம் பார்த்து, ஒரு செவ்வாய்க்கிழமை கரை முழுக்கக் கூட்டம். பொங்கல் பானை, வேப்பிலை, எலுமிச்சை மாலை. பாறையில் அம்மன் தானாக எழுந்தருளியிருக்கிறாளாம்!

"உங்க சாமர்த்தியத்துல கொள்ளி வைக்க!" என்று அவரைத் திட்டிக்கொண்டே, நைட்டிமேல் துப்பட்டாவைப் போட்டபடி, பைனாகுலரும் கையுமாக ஓடினேன்.

முன்னால் நின்ற ஒரு அக்கா புடவையைத் தூக்கிச் செருகித் தண்ணீரில் இறங்கியே விட்டார். கையில் கற்பூரத் தட்டு. ஆலாக்கள் கத்திக்கொண்டு அவர் தலையைக் குறிவைத்துப் பாய்ந்தன. அது அம்மனே இல்லை என்று சொன்னால் என்னைத்தான் ஏரியில் தள்ளுவார்கள். பின்னாலேயே இறங்கி, தட்டை வாங்கிக்கொண்டு பைனாகுலரை அவர் கையில் திணித்தேன்.

"அக்கா, அந்தக் கல்லுக்குப் பக்கத்துல பாருங்க."

"ஐயோ சாமி! குஞ்சு பொரிச்சிருக்குதும்மா! தாய் வயித்துக்கு அடியில இருந்து எட்டிப் பாக்குது!"

அப்படியே திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார் பாருங்கள். "எல்லாரும் நில்லுங்க! ஆத்தா பறவையா வந்து புள்ள பெத்திருக்கா. பெத்த வூட்டுக்குள்ள கும்பலா போவாங்களா? தீட்டுக் கழியட்டும்! யாரும் போவாதீங்க, யாரூ ஹோகபேடி!"

தமிழ், கன்னடம் எல்லாமே அடங்கியது. பொங்கல் கரையிலேயே வெந்தது. நானும் கைநீட்டி வாங்கிச் சாப்பிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, நெய் மணத்தது.

அதன்பின் தினமும் நான் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு கேப் ஏறும்போது அக்கா கரையில் இருப்பார். பாட்டிலோ கற்பூரமோ, எது வந்தாலும் அதட்டி விரட்டுவார்.

முதல் மழைக்கு முன்னால், தத்திக்கொண்டிருந்த குஞ்சு ஒன்று பாறையை விட்டு எழும்பியது. தண்ணீரைத் தொடுகிற மாதிரி தாழ்ந்து, பிறகு மேலே போயே போய்விட்டது. அதன் பின்னால் இன்னொன்று. நான் அக்காவைக் கட்டிக்கொண்டு குதித்தேன்.

"அடுத்த வருசமும் வருமா அக்கா?"

"வராம எங்க போவும்? தாய் வூடு இதுதான?" என்றார் அவர்.