சேசிஸில் அடித்த எட்டு

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஊழியர் குடியிருப்பில் இருந்தோம். என் மகள் உட்பட எங்கள் தெருப் பிள்ளைகளை வேனில் பள்ளிக்குக் கூட்டிப்போனவர் பக்கத்துக் காலனிக்காரர். அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர்; இவர் அடுத்தவர் வண்டியை ஓட்டினார். பல வருடங்கள் அப்படி ஓட்டிய பிறகு பாண்டிச்சேரியில் பழைய வேன் ஒன்றைச் சொந்தமாக வாங்கினார். செங்கல்பட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மறுபதிவு செய்தால்தான் அதை இங்கே ஓட்ட முடியும்.

விண்ணப்பத்தை நிரப்பித் தர நான்தான் முன்வந்தேன். அதில் சேசிஸ் எண்ணின் அச்சை ஒட்ட வேண்டும். வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணின்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் தாளில் எழும்பி வரும். எங்களுக்கு ஓர் எட்டு மட்டும் வரவில்லை.

“துரு புடிச்சி கீது சார். உப்புக் காத்து,” என்றார்.

“லேத் பட்டறையில கொடுத்து அந்த எட்டை மட்டும் ஆழமா அடிச்சு வாங்கிடுங்க.”

“கம்பெனி போட்ட நம்பராச்சே சார். அதுமேல நாம கை வெக்கலாமா?”

“ஆர்.சி. புக்ல இருக்கிற அதே எட்டுதானே? பார்க்கிறவங்களுக்கும் சுலபம்.”

வாகனச் சட்டம் எனக்குத் தெரியாது. தெரியாது என்ற சொல்லும் அந்நாளில் என் வாயில் எளிதில் வராது. படித்தவர் சொல்கிறார் என்று அவர் அப்படியே செய்தார். சோதனை நாளன்று நானும் விடுப்பு எடுத்துக்கொண்டு உடன் போனேன்.

பிரேக் இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்துக் குனிந்தார். நிமிர அவருக்கு வெகுநேரமானது.

“இன்னாய்யா இது? ஒரு நம்பர் மட்டும் புதுசா மின்னுது? எங்க தூக்கின வண்டிய?”

“ஐயோ, காசு குடுத்து வாங்கினது சார்.”

“அப்ப எவன் சொல்லி பஞ்ச் அடிச்ச?”

வேன்காரர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானே சொல்வேன் என்று காத்திருந்தார். இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார்.

“நீங்க யார் சார்?”

சட்டைப் பையில் அலுவலக அடையாள அட்டை இருந்தது. போலீஸ் விசாரணையில் என் பெயர் வந்தால் அலுவலகம் என்ன சொல்லும் என்ற எண்ணம்தான் முதலில் வந்தது.

“ஃபாரம் எழுதித் தர வந்தேன். வேற எதுவும் எனக்குத் தெரியாது,” என்றேன்.

வேனைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். எண்ணைச் சோதிக்கத் தடயவியல் ஆய்வகத்துக்கு எழுதினார்கள். அந்த ஆண்டின் ஐப்பசி மழை முழுவதும் வண்டி வேலியோரம் நனைந்தது. நிலையத்துக்கு நடந்தே அவருடைய செருப்பு தேய்ந்தது. திருட்டு வண்டி வாங்கியவர் என்று தெருவில் பேச்சு வந்தது. அவர் பழைய முதலாளியின் வண்டியையே மறுபடி ஓட்டப் போனபோது, பெற்றோர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். நானும் என் மகளை வேறு வேனுக்கு மாற்றினேன். அவர் குற்றமற்றவர் என்று உறுதியாகத் தெரிந்த ஒரே தகப்பன் அந்தத் தெருவில் நான்தான்.

அடுத்த கோடையில் ஆய்வகத்தின் பதில் வந்தது. புதிய எட்டின் அடியில் இருந்ததும் எட்டேதான். வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். எலிகள் ஒயரைக் கடித்துக் குதறியிருந்தன, எஞ்சின் இறுகிவிட்டது. அச்சரப்பாக்கத்துக் காயலான் கடைக்காரர் ஒருவர் வந்து கயிறு கட்டி இழுத்துப் போனார்.

அன்று மாலை வேன்காரர் வீட்டுக்குப் போனேன். வாசலில் அவர் மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். நல்லபடியாக முடிந்ததே என்று ஏதோ சொன்னேன். அவர் தலை நிமிரவில்லை.

“இத்த அன்னிக்கு ஆபீஸ்ல சொல்லியிருக்கலாம்ல சார்? நான்தான் அடிக்கச் சொன்னேன்னு. ஒரே ஒரு வார்த்த.”

உள்ளே இருந்து கணவரின் குரல் கேட்டது. “யாரு, சாரா? நிக்க வெச்சிகினு இன்னாத்துக்குப் பேசுற? உள்ள வரச் சொல்லு. டீ போடு.”

மனைவி எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, வழிவிட்டு ஒதுங்கி நின்றார். அவசர வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். அதுவும் பொய்தான்.