ஓரம் மட்டும் மணி பிடித்தது

ராஜகுமாரி வாசுதேவநல்லூர்க்காரி. என் பெரியப்பா மகள் ஒருத்தியை அந்த ஊரில் கட்டிக்கொடுத்தோம், அவளுடைய பேத்தி. குளத்துத் தண்ணீரில் நெல் விளைவதைப் பார்த்து வளர்ந்தவளை, இளையரசனேந்தல் பக்கம் மழையை நம்பி விதைக்கிற ஒரு கரிசல்காட்டு ஊருக்கு, இசக்கித்துரைக்குக் கொடுத்தார்கள். இசக்கித்துரைக்கு ஒரே அண்ணன், ஆறுமுகச்சாமி. ஆறுமுகச்சாமியின் பெண்டாட்டி கோமதியம்மாள். ஒரே வளவில் இரண்டு வீடு. நிலமும் பாகம் பிரிக்காத நிலம்தான், ஐந்து ஏக்கர், கூட்டுப் பட்டா. கோமதியம்மாளுக்கு ஒரு மகள், திருப்பூரில் இருக்கிறாள். ராஜகுமாரிக்குப் பிள்ளை இல்லை.

அந்த ஊரில் சுடுகாட்டுக்குப் போகிற வழியில், நாலு கால் வைத்த உயரமான தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. மார்கழி பிறந்து சூரியகாந்தி மொட்டு விட ஆரம்பித்தால் மேற்கு மலையிலிருந்து மலைத்தேனீ இறங்கி வரும். தொட்டியின் அடிவயிற்றில் முறம் முறமாக ஏழெட்டு அடை தொங்கும். பூவெல்லாம் முடிந்த பிறகு, மாசியில் ஒருநாள் காலையில் பார்த்தால் வெறும் மெழுகுதான் இருக்கும். அதை யாரும் பெரிதாக நினைத்தது கிடையாது. அதன் கீழேதான் குழாய், பெண்கள் குடம் வைத்துத் தண்ணீர் பிடிப்பார்கள்.

ஐந்து வருஷத்துக்கு முந்தின மார்கழியில் ஆறுமுகச்சாமி நெஞ்சுவலியில் செத்துப்போனார். சம்பந்தக்காரர்கள் மாலையும் வெடியும் கொண்டுவருவது அந்தப் பக்கத்து மரியாதை. ராஜகுமாரியின் தம்பி கணேசன் வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு பெட்டி நிறைய வெடி கொண்டுவந்தான். அக்கா வாக்கப்பட்ட வீட்டுச் சாவில் தன் கை குறைந்துவிடக் கூடாது என்று அவனுக்கு. பாடை தொட்டியைத் தாண்டும்போது ஒரு வாணத்தைக் கொளுத்தி மேலே விட்டான். அது நேரே போய் அடையில் குத்தியது.

அதற்கப்புறம் நடந்ததைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் முழுசாகச் சொல்ல மாட்டார்கள். கொட்டு அடித்தவர்கள் கொட்டைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பாடை தூக்கிய மூன்று பேர் ஓடினார்கள். இசக்கித்துரை மட்டும் அண்ணனை ரோட்டில் போட்டுவிட்டு ஓட மாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டான். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் முகத்தை மூடவில்லை, அண்ணன் முகத்தை மூடினான். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவனும் போய்விட்டான்.

பதினாறு முடிந்ததும் ஊர் கூடியது. ராஜகுமாரி, “அது அங்கன தொங்குத வரைக்கும் நான் அந்தக் குழாயில தண்ணி பிடிக்க மாட்டேன்” என்றாள். ஊர் மறுபேச்சுப் பேசவில்லை. பொழுது அடைகிற நேரத்தில் நீளமான மூங்கிலில் துணி சுற்றி, மண்ணெண்ணெய் நனைத்து, பறிகொடுத்தவள் நீதான் தாயி என்று அவள் கையிலேயே கொடுத்தார்கள். அவள்தான் தீ வைத்தாள். ஏழு அடையும் எரிந்து விழுந்தது. தேன் வழிந்து ரோட்டில் ஓடியது, ஒரு சின்னப்பிள்ளைகூட விரலால் தொட்டுப் பார்க்கவில்லை. மறுநாள் தொட்டிக்கு அடியில் கழிவு ஆயிலைப் பூசிவிட்டார்கள்.

கணேசன் ஒரு வருஷம் அக்கா வீட்டுப் படி ஏறவில்லை. ராஜகுமாரியே போய்க் கூட்டிவந்தாள். அந்த வாணத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டது கிடையாது. அவன் தீபாவளிக்குக்கூட அதன்பிறகு வெடி தொட்டதில்லை.

அடுத்த வருஷம் சூரியகாந்தி நன்றாகத்தான் பூத்தது. தாம்பாளம் மாதிரிப் பூ. அறுத்துத் தட்டினால் எல்லாம் பொக்கு, உள்ளே பருப்பே இல்லை. அதற்கடுத்த வருஷமும் அப்படியே. ஊரில் பலபேர் மக்காச்சோளத்துக்கு மாறினார்கள். ராஜகுமாரியும் ஒரு வருஷம் மாறிப் பார்த்தாள், காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் உழுதுவிட்டுப் போனது. மறுபடியும் சூரியகாந்திக்கே வந்தாள்.

குருவிகுளத்திலிருந்து எப்சிபா என்று ஒரு பெண் வரும், வேளாண்மை ஆபீசில் வேலை. அந்தப் பெண்தான் ஒரு பூவைப் பறித்துக் காட்டிச் சொன்னது.

“அக்கா, இது ஒரு பூ இல்ல. ஆயிரம் சின்னப் பூ ஒண்ணா உக்காந்திருக்கு. ஓரத்துல இருந்து உள்ளுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு மூணு வட்டமா விரியும். விரியுத அன்னைக்கு அடுத்த செடியோட மகரந்தத் தூள் வந்து விழணும். தன் தூள் தனக்கு ஒட்டாது.”

“அப்ப அதுவும் நம்மள மாதிரித்தானா? ஒரே கிளைக்குள்ள பொண்ணு எடுக்காதா?”

“அதேதான்க்கா. பொண்ணு கேட்டுப் போய்வர தேனீ வேணும். மலைத்தேனீய நீங்க எரிச்சிட்டிய. கொம்புத்தேனீயும் கொசுத்தேனீயும் மருந்து அடிச்சதுல போயிட்டு. கம்பியில பஞ்சுருட்டான் குருவி வரிசையா உக்காந்திருக்குமே, இப்பம் பாத்தியளா? தேனீயத் தின்னுத குருவி அது. ஒண்ணு போனா ஒண்ணு பின்னாலயே போகும்.”

ராஜகுமாரி அந்தப் பூவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, “நானா எரிச்சேன்” என்றாள். கேள்வியாகக் கேட்டாளா, ஒத்துக்கொண்டாளா என்று எப்சிபாவுக்குத் தெரியவில்லை.

கையில் துணி சுற்றிக்கொண்டு ஒவ்வொரு பூவாகத் தேய்த்துவிட்டால் கொஞ்சம் மணி பிடிக்கும் என்று எப்சிபா சொல்லிக்கொடுத்தது. காலை எட்டிலிருந்து பதினொன்றுக்குள், ஒருநாள் விட்டு ஒருநாள். ஐந்து ஏக்கருக்கு ஒற்றை ஆள் என்ன தேய்க்க முடியும்.

இதற்குள் சுற்றியுள்ள காடெல்லாம் சோலார் கம்பெனிக்குப் போய்விட்டது. கோமதியம்மாளுக்கு மகளோடு திருப்பூரில் போய் இருக்க ஆசை. கூட்டுப் பட்டா, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும். இசக்கித்துரை உயிரோடு இருக்கும்போது நிலம் கேட்டு வந்த கம்பெனி ஏஜெண்டை வரப்பில்கூட நிற்க விட்டதில்லை.

“ஏட்டி, பொக்க அள்ளி அள்ளி என்னத்தக் கண்டே?” என்றாள் கோமதியம்மாள், போன ஐப்பசியில்.

“இந்த ஒரு வெள்ளாமை பாப்பம்க்கா. மணி பிடிச்சிட்டா நீங்க எங்கிட்ட நிலத்தப் பத்திக் கேக்கக்கூடாது. பிடிக்கலைன்னா நீங்க காட்டுத இடத்துல கையெழுத்துப் போடுதேன்.”

“சாமி அறியச் சொல்லுதியா?”

“அவுக அறியச் சொல்லுதேன்.”

மார்கழி பாதியில் ஒரு காலையில் கதவைத் திறந்தால், வாசலுக்கு மேலே சன்ஷேடுக்கு அடியில் ஒரு கறுப்பு முறம் தொங்குகிறது. மலைத்தேனீ. ஊரில் எத்தனையோ இடம் இருக்க, அது வந்து பிடித்தது அவள் வாசலை. அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு அன்றைக்குப் பூராவும் வெளியே வரவில்லை. கஞ்சிகூடக் குடிக்கவில்லை. மறுநாள் பின்வாசல் வழியாகக் காட்டுக்குப் போனாள். ஓரத்து வட்டம் அன்றைக்குத்தான் விரிந்திருந்தது. பூவுக்கு மூன்று நாலு தேனீ மஞ்சள் அப்பிக்கொண்டு உருண்டது. கையில் சுற்றப் போன துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அன்றிலிருந்து முன்வாசல் பூட்டிக் கிடந்தது. சாம்பிராணி போடவில்லை, வாசல் லைட் போடவில்லை. கல்லெறிய வந்த பயல்களைத் தெருமுனையிலேயே நின்று விரட்டினாள். ஒருநாள் அடையைப் பார்த்து அவள் பேசியதைக் கோமதியம்மாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறாள்.

“அவுகளக் கொண்டுபோனது நீங்க இல்ல. உங்க பாட்டிமாரு. நான் எரிச்சதும் அவளுவளத்தான். வந்த வேலையப் பாத்துட்டுப் போங்க, நானும் என் சோலியப் பாக்கேன்.”

கோமதியம்மாள் அன்றைக்கே தன் வீட்டு ஜன்னலையெல்லாம் சாத்திவைத்தாள். அவளும் புருஷனைத் தூக்கிப் போன அன்றைக்கு அதே இரைச்சலைக் கேட்டவள்தானே. ஆனாலும் ராஜகுமாரியிடம் சொல்லப் பயம்.

பொங்கலுக்கு ஆறு நாள் இருக்கையில் கணேசன் அக்காவுக்குப் பொங்கல்படி கொண்டுவந்தான். கரும்பு, பச்சரிசி, வெல்லம், சேலை. ராஜகுமாரி அன்றைக்குச் சங்கரன்கோவிலுக்குப் போயிருந்தாள், மணி பிடித்து வருகிற தைரியத்தில் சாக்கு வாங்க. கணேசன் வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தவன், கரும்பைக் கீழே போட்டுவிட்டான்.

“கோமதியக்கா, இது எத்தன நாளா இருக்கு?”

“ஏழு நாளாச்சு தம்பி. எனக்கு ராத்திரி கண்ணு மூட முடியல. உங்க அக்கா அதுகூடப் பேசுதா. நீயாவது சொல்லேன்.”

அவன் சொல்வதற்கு நிற்கவில்லை. அக்காவுக்குத் தான் கொண்டுவந்த வினை இப்போது அவள் தலைக்கு மேலேயே வந்து தொங்குகிறது என்று நினைத்தான். ஐந்து வருஷமாக உள்ளே கிடந்ததற்கு ஒரு வழி கிடைத்த மாதிரி இருந்தது. மூங்கில் தேடினான், துணி சுற்றினான். பொழுது விழுந்து அடை அடங்குகிற நேரம் பார்த்து, சாக்கைப் போர்த்திக்கொண்டு தனியாளாகத் தீ வைத்தான். கையிலும் கழுத்திலும் பத்துக் கொட்டு வாங்கினான்.

பஸ்ஸை விட்டு இறங்கி வந்த ராஜகுமாரிக்குத் தெருமுனையிலேயே மெழுகு கருகிய வாடை அடித்தது. வாசலில் கணேசன் நின்றான். முகம் வீங்கிக் கண் இடுங்கிக் கிடந்தது, ஆனால் அந்த முகத்தில் அவள் வருஷக்கணக்காகப் பார்க்காத ஒரு தெளிச்சி.

“யக்கா, இனிமே பயமில்ல. ஒண்ணுகூட மிச்சமில்ல. இனி முன்வாசல் வழியா நட.”

அவள் சாக்குக் கட்டைக் கீழே வைத்தாள். தரையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், அவன் கையைப் பார்த்தாள்.

“தேனீக் கொடுக்க எடுத்தியாலே?”

“எடுக்கலக்கா.”

“உள்ள வா. சுண்ணாம்பு தடவுதேன்.”

அவ்வளவுதான். அன்றைக்கு அவனுக்குச் சோறு போட்டு, மறுநாள் காலையில் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு காட்டுக்குப் போனாள். அவனும் ஒரு துணி சுற்றிக்கொண்டு கூடப் போனான். நாலு நாள் இரண்டு பேரும் தேய்த்தார்கள். கிழக்கு மூலையில் ஒரு அரை ஏக்கர்தான் ஆனது. அதற்குள் நடுப்பூவும் விரிந்து, வாடி, கவிழ்ந்துவிட்டது.

மாசியில் அறுவடைக்குக் கணேசன் வந்தான். பூவைத் திருப்பிப் பார்த்தால், ஓரத்தில் நாலு விரல்கடை அகலத்துக்குக் கறுப்பாகத் திரண்ட மணி. அதிலிருந்து உள்ளே நடு வரைக்கும் வெளுத்த பொக்கு. கோடு போட்டு நிறுத்தின மாதிரி. தேய்த்த மூலையைத் தவிர, காட்டில் எந்தப் பூவை எடுத்தாலும் அதே இடத்தில் அதே கோடு.

நெல் காட்டுக்காரன்தானே, கணேசனுக்கு விளங்கவில்லை.

“என்னக்கா இது? எல்லாப் பூவும் சொல்லிவச்ச மாதிரி ஓரம் நிறைஞ்சு நடு செத்துக் கெடக்கு?”

கோமதியம்மாள் பக்கத்தில் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். எப்சிபா பூவைக் காட்டிச் சொன்னபோது அவளும் கூட நின்றவள்தான். வாயைத் திறந்தாள். ராஜகுமாரி அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

“பொங்கலுக்கு முன்னாடியே பனி நின்னுபோச்சுல்லா” என்றாள் ராஜகுமாரி. “ஈரம் நடு வரைக்கும் ஏறல.”

“பனியா?”

“ஆமாப்பா” என்றாள் கோமதியம்மாள். “கரிசக்காட்டுல பனி நின்னா இப்படித்தான். இந்த வருஷம் எல்லாருக்கும் இதே கததான்.”

வாங்கி வைத்த சாக்கில் பாதிக்கு மேல் பிரிக்காமலே கிடந்தது. கோமதியம்மாள் நிலத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. ராஜகுமாரியே ஒருநாள், “என்னைக்குக்கா போகணும்?” என்று கேட்டாள்.

பங்குனியில் ஒரு புதன்கிழமை சங்கரன்கோவில் பத்திர ஆபீசுக்குப் போனார்கள். துணைக்குக் கணேசனும் வந்தான். சாட்சிக் கையெழுத்து அவன்தான். உள்ளே கூப்பிடுகிற வரைக்கும், பத்திரம் எழுதுகிறவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்:

“பனி மட்டும் இன்னும் பத்து நாள் நின்னு விழுந்திருந்தா எங்க அக்கா இங்கன வந்திருக்கவே மாட்டா அண்ணாச்சி.”

“வானம் பாத்த பூமி, என்ன செய்ய முடியும்” என்றார் அவர்.

ராஜகுமாரி காதில் அது விழுந்தது. பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போனாள். அவர்கள் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள்.