இறக்கி வைக்காத காவடி

ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணி மலையில் சாமி பார்க்க வராதவர்கள் இரண்டே பேர்தான் இருந்திருப்பார்கள். ஒருத்தி கே.ஜி.கண்டிகை ரஞ்சிதம். இன்னொருவர் கோர்ட்டுச் சேவகர் சிவப்பிரகாசம். இருவரும் ரஞ்சிதத்தின் புருஷன் கங்காதரனைத் தேடி வந்திருந்தார்கள்.

கங்காதரன் பள்ளிப்பட்டுப் பக்கம் இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்து வருஷங்கள் ஆகிவிட்டன. போனவன் போனதோடு இருந்திருந்தால் ரஞ்சிதம் வேர்க்கடலைக் கொல்லையில் கூலி வேலை செய்துகொண்டு தன் பாட்டுக்கு இருந்திருப்பாள். ஆனால் அவன் நினைத்தபோதெல்லாம் திரும்பி வந்தான். “தாலி கட்டினவனுக்குத் தொறக்க மாட்டியா?” என்று கதவை உதைத்தான். புருஷன் பெண்சாதி விவகாரம் என்று அக்கம்பக்கத்தார் விளக்கை அணைத்துக்கொண்டார்கள். கல்யாணத்தைத் தீர்த்துவிடச் சொல்லி ஊர்ப் பஞ்சாயத்தில் கேட்டாள். நாட்டாண்மைக்காரர் கங்காதரனின் சித்தப்பா. அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அந்த வருஷம்தான், புருஷன் பெண்சாதியைக் கோர்ட்டிலேயே பிரித்துவிடலாம் என்று புதுச் சட்டம் வந்திருந்தது. வக்கீல் வைக்க ரஞ்சிதத்துக்கு வக்கில்லை. கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிறவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, கூப்பிட்டபோது தானே போய் நின்றாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். வழக்கு சுலபம் என்றே நினைத்தாள்.

சுலபமாக இல்லாதது சம்மன்தான். அது கங்காதரன் கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் வழக்கு நகரும். கொடுக்க வேண்டியது சேவகர். இவர்தான் ஆள் என்று அடையாளம் காட்ட வேண்டியவள் அவள். இரண்டு முறை பஸ்ஸிலும் நடையிலுமாகப் போனார்கள். இரண்டு முறையும் அவன் கொல்லைப் பக்கமாக நழுவிவிட்டான். கதவில் ஒட்டிவிட்டு வரலாம் என்றால், அது அவன் வீடுதான் என்று சாட்சி சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. இந்த வாய்தாவுக்கும் சம்மன் திரும்பி வந்தால் மனுவைத் தள்ளிவிடுவேன் என்று ஜட்ஜ் சொல்லிவிட்டார்.

அப்புறம்தான் அவளுக்குக் காவடி ஞாபகம் வந்தது. சிறு பிள்ளையில் கங்காதரன் ஜுரம் கண்டு பிழைத்தபோது, உயிருள்ளவரை ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பான் என்று அவன் அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். யாரை ஏமாற்றினாலும் அந்த வேண்டுதலை மட்டும் அவன் தவறவிட்டதில்லை.

மேல்படியில் கூட்டத்தோடு கூட்டமாக இருவரும் நின்றார்கள். மஞ்சள் வேட்டியும் மொட்டைத் தலையும் சந்தனமுமாக எல்லோரும் ஒரே மாதிரி ஏறி வந்தார்கள்.

“இதுல எவன்னு கண்டுபுடிக்கறதும்மா?” என்றார் சிவப்பிரகாசம்.

“இடது தோள் சாஞ்சிருக்கும். வண்டியில இருந்து வுழுந்தது. அதோ, அந்தப் பூக்காவடி.”

“நல்லா பார்த்துச் சொல்லு.”

“அவருதாங்க.”

சேவகர் மடியிலிருந்து சம்மனை எடுத்தார். இரண்டடி வைத்தார். நின்றுவிட்டார்.

“இன்னாங்க?”

“காவடி தோள்ல இருக்குதே. இப்ப அது சாமி மாதிரி. நான் புள்ளகுட்டிக்காரன். இறக்கி வெச்சதும் குடுத்துடறேன்.”

அதற்குள் கங்காதரன் சேவகரின் மார்பில் இருந்த பித்தளை வில்லையைப் பார்த்துவிட்டான். பக்கத்தில் நின்ற ரஞ்சிதத்தையும் பார்த்தான். சந்நிதிக்குப் போகிற வரிசையில் நுழைய இருந்தவன் அப்படியே விலகி, வெளிப்பிராகாரத்தைச் சுற்ற ஆரம்பித்தான்.

சந்நிதியில் செலுத்தும்வரை காவடி தரையில் படக்கூடாது. காவடி தோளில் இருக்கும்வரை சேவகர் கிட்டே வரமாட்டார். முதலாவது அவனுக்குத் தெரியும்; அவர் பாதியில் நின்றதைப் பார்த்ததும் இரண்டாவதும் தெரிந்துவிட்டது. ஒரு சுற்று முடித்தான். அடுத்த சுற்றுக்குக் கிளம்பினான். கூட வந்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள். இவன் சுற்றிக்கொண்டே இருந்தான். இப்படி ஒரு பக்தியா என்று ஜனங்கள் வியந்தார்கள். யாரோ அவன் காலில் தண்ணீர் ஊற்றினார்கள். ஒருத்தி குழந்தையைக் கொண்டுவந்து அவன் காலடியில் கிடத்தினாள்.

ரஞ்சிதம் பின்னாலேயே நடந்தாள். கல் சுட்டது. காலையில் குடித்த கஞ்சி எங்கே போனதென்று தெரியவில்லை. பூ விற்கிற கிழவி ஒருத்தி அவளைப் பார்த்து, “புருஷன் கூடவே சுத்தறா பாரு, புண்ணியவதி” என்றாள்.

“ஆமா ஆயா, இதுக்குன்னே பொறந்தவ நானு” என்று சொல்லிவிட்டு ரஞ்சிதம் நடந்தாள்.

வெயில் சாயத் தொடங்கியது. சேவகர் மண்டப நிழலில் உட்கார்ந்து உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கங்காதரனின் நடை தள்ளாடியது. இடது தோளிலிருந்து வலதுக்கும், வலதிலிருந்து இடதுக்கும் காவடியை மாற்றிக்கொண்டே இருந்தான். முதுகில் சந்தனம் வேர்வையோடு கரைந்து வழிந்தது. ரஞ்சிதத்துக்குக் கோபம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. உட்கார வேண்டும் என்பது ஒன்றுதான் மிச்சமிருந்தது. எட்டி நடந்து அவன் எதிரே போய் நின்றாள்.

“எவ்ளோ நேரம் சுத்துவ?”

“கோயிலு நட தொறந்திருக்கற வரிக்கும்.”

“அப்புறம்? நட சாத்திட்டா காவடிய எங்க செலுத்துவ?”

அவன் காவடியை மறுபடியும் தோள் மாற்றினான்.

“குடு” என்றாள். “நான் தோள்ல வெச்சிக்கினு நிக்கறேன். கீழ படாது. நீ கையெழுத்துப் போட்டுட்டு வாங்கிக்க.”

“நீ எப்படி தூக்குவ?”

“கோர்ட்டு தீர்க்கற வரிக்கும் உன் பொண்டாட்டிதானே நானு. நீயும் அதைத்தானே சொல்லிக்கினு வந்து கதவை உதைக்கற.”

கங்காதரன் தலையைக் குனித்தான். அவள் தோளைக் கொடுத்தாள். காவடி மாறியபோது அவன் வாயிலிருந்து முனகல் ஒன்று வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் அரோகரா என்றார்கள்.

சிவப்பிரகாசம் ஓடிவந்தார். சம்மனைப் படித்துக் காட்டினார், கையில் கொடுத்தார், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினார். மரத்துப்போன விரல்களால் கங்காதரன் மெதுவாகத்தான் எழுதினான். அதுவரை ரஞ்சிதம் அசையாமல் நின்றாள். மூங்கில் தண்டு தோள் எலும்பில் அழுந்தியது.

“சாமி எதிர்ல இப்படி பண்ணிட்டியே” என்றான் அவன்.

“வூட்டுல இருந்திருந்தா வூட்டுக்கே வந்திருப்பேன்.”

அவன் தோளைத் தடவிக்கொண்டே வரிசையைப் பார்த்தான். அது நீளமாக இருந்தது. “அது வரிக்கும் நீயே தூக்கிக்கினு வாயேன்” என்றான், எப்போதும் சொல்கிற தோரணையில்.

ரஞ்சிதம் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“இது உன் வேண்டுதலு” என்று சொல்லித் தண்டை அவன் தோளில் வைத்தாள். நன்றாக உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள்.

கீழே இறங்கும்போது பாதிப் படியில் ரஞ்சிதம் ஓரமாக உட்கார்ந்தாள். சேவகரும் உட்கார்ந்தார்.

“இவ்ளோ தூரம் வந்து சாமி கும்பிடலியேம்மா.”

“இன்னொரு நாளு வர்றேங்க. தனியா.” கால் விரல்களை நீவிவிட்டுக்கொண்டாள். “வாய்தாவுக்கு வருவாருங்களா?”

“வர மாட்டான்.”

“வராட்டி?”

“வராட்டி இன்னா, கையெழுத்து இருக்குது. அவன் இல்லாமயே கேஸ் நடக்கும்.”

“நடக்குமில்ல?”

“ஆங், நடக்கும்.”

அவள் தலையை ஆட்டினாள். தோளில் ஒட்டியிருந்த ஒரு பூ மடியில் விழுந்தது. அதை எடுத்துப் படியோரம் வைத்துவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.