இரண்டு மேரிகள், ஒரு கல்

தொண்ணூறுகளின் கடைசியில் கல்பாக்கம் பக்கம் ஒரு தேவாலய அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். அயர்லாந்திலிருந்து நோரா என்ற பெண்மணி கடிதம் எழுதியிருந்தார். அவருடைய கொள்ளுப்பாட்டி மேரி ஒரு சிப்பாயின் மனைவி. 'பட்டினம்' என்ற ஊரில் இறந்தாராம். கல்லறை எங்கே என்று கேட்டிருந்தார்.

பழைய அடக்கப் பதிவேட்டைப் புரட்டினேன். 'மேரி, புதுப்பட்டினம்' என்று கண்டதும் மகிழ்ச்சியில் அன்றே பதில் போட்டுவிட்டேன்.

சில மாதங்களில் நோரா, பெயர் பொறித்த கல்லோடு வந்துவிட்டார். கொத்தனார் அந்தக் கல்லறையில் கடப்பாறையை வைத்ததும், மீன்கூடையோடு போய்க்கொண்டிருந்த செல்வி என்ற பெண் ஓடி வந்தார்.

“இன்னா சார் பண்றீங்க? இது எங்க பாட்டனோட அக்கா. வருசா வருசம் நாங்கதான் சுண்ணாம்பு அடிச்சிகினு வர்றோம்!”

வேலையை நிறுத்திவிட்டு அலுவலகத்துக்கு ஓடினேன். 'தகப்பன் அந்தோணி, மீனவர்' என்று பதிவேட்டின் அதே வரியில் இருந்தது. நான்தான் படிக்கவில்லை. மாலைவரை தேடியதில், சதுரங்கப்பட்டினத்தில் அடக்கமான இன்னொரு மேரி கிடைத்தார். கணவர், அயர்லாந்துச் சிப்பாய்.

நோராவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. முதலில் செல்வியிடம் போய்க் கைகூப்பினார். மறுநாள் கல் சரியான இடத்தில் நின்றது.

இப்போதெல்லாம் வரி முழுவதையும் படிக்காமல் யாருக்கும் பதில் எழுதுவதில்லை. படித்த பிறகும் அந்த ஊருக்குப் போய், “இந்தக் கல்லறைக்குச் சொந்தக்காரங்க யாராவது இருக்கீங்களா?” என்று கேட்டுவிடுகிறேன்.