மிஸ்ஸி தன் காருக்கு ஆள் பார்த்தது

நான் வாங்காத கார்களைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு, அவற்றை வாங்கியவர்களுக்கே தெரிந்திருக்காது.

மகளுக்கு சுவா ஊருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. நாங்கள் இருப்பது ராசாவில். பஸ் முச்சந்திவரை போகும், அதுவும் பள்ளி மணி அடித்த பிறகு. அங்கிருந்து செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்கு நடுவே மூன்று கிலோமீட்டர் நடை. எங்கள் தெருவிலிருந்து அதே பள்ளிக்குப் போகும் ஆசிரியை ஒருவர் அவளைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். அவர் கர்ப்பமாக இருந்தார். பேறுகால விடுப்பில் அவர் போகும் நாளுக்குள் இவளுக்கு ஒரு கார் கிடைக்காவிட்டால், பட்டியலில் அடுத்துக் காத்திருப்பவருக்கு இந்த வேலையைக் கொடுத்துவிடுவார்கள். தலைமையாசிரியர் அதை மிகவும் அன்பாகச் சொல்லியிருந்தார்.

எனவே ஒரு பழைய கார், எங்கள் பேச்சில் காடி, வேண்டும். பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியும் என்பதாலல்ல. உரிமம் எடுத்த நாள் முதல் நான் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில்தான் போகிறேன். ஆனால் படிக்கத் தெரியும். படித்தால் எதுவும் புரிந்துவிடும் என்று நம்பி நான் இதற்குமுன் கெடுத்தவை: ஒரு சலவை இயந்திரம், ஒரு பல்.

படித்தேன். வெள்ளத்தில் மூழ்கிய காரைக் கண்டுபிடிக்க இருக்கை வாரைக் கடைசிவரை இழுத்துச் சேறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்பேர் டயரைத் தூக்கி அடியில் துரு பார்க்க வேண்டும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது, ரேடியேட்டர் எப்போது, மாதம் எவ்வளவு பெட்ரோல் தின்னும், வருடத்துக்கு என்ன ரோடு டாக்ஸ். நாற்பத்தேழு கேள்விகள் சேர்ந்தன. இணையத்தில் யாரோ ஒருவர், பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு காரின் அடிப்பாகத்தை அரித்துவிட்டதாகப் புலம்பியிருந்தார். அதற்காக இரண்டு சாயங்காலங்கள் கவலைப்பட்டேன். பிறகுதான் மலேசியாவில், அதுவும் போர்ட்டிக்சன் பக்கம், பனி பெய்வதில்லை என்பது நினைவுக்கு வந்தது.

இதற்கிடையில் மூன்று நல்ல கார்கள் கைநழுவின. ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு, "யோசித்துச் சொல்கிறேன்" என்று வீட்டுக்கு வருவேன். யோசித்து முடிப்பதற்குள் வேறு யாராவது முன்பணம் கொடுத்துவிடுவார்கள்.

"நீங்க அலசி முடிக்கிறதுக்குள்ள அவளுக்குப் பென்ஷன் வந்துடும்" என்றாள் மனைவி.

மகள் இன்னும் துல்லியமாகச் சொன்னாள்: "அப்பா, நீங்க காடி பார்க்க ஆரம்பிச்சப்போ டீச்சருக்கு வாந்தியே நிக்கல. இப்ப எட்டாவது மாசம். வர்ற வெள்ளிதான் கடைசி நாள். அப்புறம் நான் உங்க மோட்டார் பின்னாடி உக்காந்து போறதா?"

பெடாஸில் ஒரு மிஸ்ஸி கார் விற்கிறார் என்று அந்தக் கர்ப்பிணி ஆசிரியைதான் தகவல் கொண்டுவந்தார். தாதியை எங்கள் பக்கம் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். தோட்டத்து கிளினிக்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். பதினான்கு வருடமாக ஒரே கை. இடது முழங்கால் கிளட்சை மிதிக்க மறுப்பதால் விற்கிறார்.

சனிக்கிழமை காலை மோட்டாரை எடுத்துக்கொண்டு பெடாஸ் போனேன். வாசலில் வெள்ளை நிறச் சிறிய கார். கண்ணாடிக்கு அருகே ஒரு ஜெபமாலை தொங்கியது. மிஸ்ஸி என்னைக் காருக்கருகே விடவில்லை. முதலில் முன்னறையில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்.

"எங்கேருந்து வர்றீங்க?"

"ராசா, மிஸ்ஸி."

"வீட்டுல காடி நிறுத்த எடம் இருக்கா, ரோட்டுலயா?"

"இருக்கு."

"குடிப்பீங்களா?"

"எப்பவாவது..."

"எப்பவாவதுன்னா எப்ப?"

பல வருடங்களாக நோயாளிகள் பொய் சொல்வதைக் கேட்டுக் கேட்டுப் பழகிய பார்வை அது. மூக்குக்கண்ணாடி எப்போது மாற்றினேன் என்று கேட்டார். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார். நான் என் தாளை எடுப்பதற்குள் அவர் பதினொரு கேள்வி கேட்டுவிட்டார்.

இந்த விசாரணைக்குக் காரணம் இருந்தது. அவருடைய முந்தைய காரை ஒரு பையனுக்கு விற்றிருக்கிறார். அவன் அதைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, பின்னால் பெரிய குழாய் மாட்டி, மூன்று வருடம் இவர் வீட்டு வழியாகவே போய் வந்திருக்கிறான். "நான் சத்தம் போடாம வளர்த்த காடி. ஜெபம் பண்ண உக்காந்தா வாசல்ல வந்து கத்தும். சின்ன ஊருங்க இது. வித்தாலும் கண்ணு முன்னாலதான் ஓடும்."

ஒருவழியாகக் காரிடம் போனேன். படித்தபடி ஓட்டுநர் இருக்கையின் வாரைக் கடைசிவரை இழுத்தேன். சேறு இல்லை. வார் திரும்பி உள்ளே போகவும் இல்லை. முழு நீளமும் என் மடியில் கிடந்தது. பின்கதவைத் தட்டிப் பார்த்து, "ஒரிஜினல் பெயிண்ட்" என்று அறிவித்தேன். கடைசியில், "எதுக்கும் ஒரு மெக்கானிக் பார்த்தா நல்லது" என்றேன்.

"தாராளமா. ஊருல ஒருத்தர்தான் இருக்கார். நாளைக்குப் பதினொரு மணிக்கு சிரம்பான்லேருந்து காடி வியாபாரி வர்றான். அதுக்குள்ள சொல்லுங்க."

சாவியைக் கொடுத்தார். நான் போன பிறகு போனையும் எடுத்திருக்கிறார்.

பட்டறைக்காரர் சீனர். தோட்டத்து மளிகைக்கடையில் வளர்ந்தவர் என்பதால் அவர் தமிழ் என் தமிழைவிடச் சுத்தமாகத் தோட்டத் தமிழ். வாரை இரண்டு தட்டில் உள்ளே அனுப்பினார். பானெட்டைத் திறந்து, என் தாளில் முதல் ஐந்து கேள்விகளைப் படிப்பதற்குள் மூடினார்.

"ஓட்டு அண்ணே. ஒரு சுத்து போய்ட்டு வரலாம்."

பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். கையில் மூடியில்லாத கிளாஸ் நிறையப் பால் விடாத கோப்பி ஓ. தோட்டத்துச் சாலையில் மேடு, பள்ளம், லோரி தின்ற வளைவு. நான் முதல் மேட்டில் இரண்டாவது கியரை ஒருமுறை தேடினேன், இரண்டாவது முறை கண்டுபிடித்தேன். ஒரு மாடு சாலையைக் கடக்கும் எண்ணத்தில் நின்றுகொண்டிருந்தது. அதன் எண்ணத்துக்கே பிரேக் போட்டேன். இறக்கத்தில் வண்டி ஒருமுறை நின்றும் போனது. திரும்பி வந்தபோது கோப்பியில் பாதி அவர் சட்டையில் இருந்தது. நான் இறங்கியதும் தாளில் குறித்துக்கொண்டேன்: 'ஷாக் அப்சோபர் சரியில்லை போலும்.'

அவர் சட்டையை உதறிக்கொண்டே, என் எதிரிலேயே போனைப் போட்டார்.

"மிஸ்ஸியா? பார்த்துட்டேன். காடிக்கு ஒன்னும் இல்ல. ஆளுதான் சரியில்ல."

மிஸ்ஸி போனில் சொல்லி வைத்த சோதனை எனக்கு; அது காருக்கு என்று நினைத்துக்கொண்டு முழுச் சாலையும் நான் உம்மென்று பட்டறைக்காரர் முகத்தையே பார்த்தபடி ஓட்டியிருக்கிறேன்.

மிஸ்ஸி வாசலிலேயே நின்றார். "தப்பா நெனைக்காதீங்க. ஒங்களுக்குக் குடுக்க மாட்டேன்."

அப்போதுதான் முழுக் கதையையும் சொன்னேன். மகள், சுவா, செம்பனைகளுக்குள் மூன்று கிலோமீட்டர், வெள்ளிக்கிழமை. இதை முதலிலேயே சொல்ல வேண்டும் என்று நாற்பத்தேழு கேள்விகளில் ஒன்றுகூட எனக்குச் சொல்லித் தரவில்லை.

"ஓட்டப்போறது அவளா?"

"ஆமாம். லைசன்ஸ் இருக்கு."

"அப்ப நீங்க ஏன் வந்தீங்க?"

"அவளுக்குக் காடியைப் பத்தி ஒன்னும் தெரியாது மிஸ்ஸி."

மிஸ்ஸி என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். மருந்தை முழுக்கச் சாப்பிட்டேன் என்று சொல்லும் நோயாளியைப் பார்ப்பது போல. "நாளைக்கு பூசை முடிஞ்சு ஒம்பதரைக்கு வீட்டுல இருப்பேன். கூட்டிட்டு வாங்க" என்றார்.

வீட்டில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். மனைவி சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. "நாளைக்கு வாயத் தொறக்காதீங்கப்பா. ப்ளீஸ் லா" என்றாள். அவள் பயந்திருப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேலி செய்துகொண்டே இருப்பவளுக்கு இவ்வளவு பயம் இருந்திருக்கிறது. என் ஆராய்ச்சியில் அதற்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை.

ஞாயிறு காலை மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். மிஸ்ஸியை வணங்கினாள், காரை ஒருமுறை சுற்றி வந்தாள், பிறகு கேட்டாள்:

"மிஸ்ஸி, இதுல என்னென்ன பிரச்சின இருக்கு?"

அவ்வளவுதான் கேள்வி. மிஸ்ஸி நோயாளியின் அட்டையைப் பார்த்துப் படிப்பதுபோல் சொல்ல ஆரம்பித்தார். "காலையில குளிரா இருக்கும்போது ரெண்டாவது கியர் மொறைக்கும். அவசரப்படுத்தாதே, அஞ்சு நிமிஷத்துல வழிக்கு வந்துடும். பின் சன்னல் எடது பக்கம் எறக்காதே, எறக்கினா ஏறாது. ஏர்கோன் மெதுவா குளிரும். ரேடியேட்டர் போன வருஷம் புதுசு. டைமிங் பெல்ட் அடுத்த வருஷம் மாத்தணும், அந்தச் செலவை இப்பவே மனசுல வச்சுக்க. பின் கதவை கிளினிக் தூணுல இடிச்சு, மறுபடி பெயிண்ட் அடிச்சது."

கடைசி வரியைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்த இரக்கத்தை நான் மறக்க மாட்டேன்.

பிறகு மகளை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். நானும் பின்கதவைத் திறந்தேன்.

"நீங்க பெஞ்சுல உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். பத்து நிமிடம், இருபது, முப்பது. பதினொன்றுக்குக் கால் மணி இருக்கும்போது பெரிய கார் ஒன்றில் வியாபாரி வந்து இறங்கினார். அவர் கையில் தாள் இல்லை, பணப்பை இருந்தது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "அங்கிளும் காடி பார்க்கவா?" என்றார். "நான் சும்மா" என்றேன். முழு உண்மை.

கார் வந்தது. சத்தமில்லாமல் திரும்பி, வாசலில் நேராக நின்றது. பின்னிருக்கையில் ஒரு கட்டுக் கங்குங் கீரையும் ஒரு பை முட்டையும். பசாருக்குப் போய்விட்டு வந்திருக்கிறார்கள். மிஸ்ஸி முட்டைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்தார். ஒன்றும் உடையவில்லை.

"தம்பி, காடி போயிடுச்சு" என்றார் வியாபாரியிடம். பிறகு மகளிடம், "கிராண்ட் ஒம் பேருல மாத்திக்க. அப்பாவுக்கு ஓட்டக் குடுக்காதே" என்றார்.

"குடுக்க மாட்டேன் மிஸ்ஸி" என்று, யோசிக்காமல் சொன்னாள்.

கிராண்ட் என்ற பதிவுப் பத்திரத்தில் பெயர் மாற்றம் வியாழக்கிழமை முடிந்தது. வெள்ளியன்று அந்த ஆசிரியை கடைசியாக வந்து ஏற்றிக்கொண்டு போனார். திங்கள் காலை ஆறு மணிக்கு முன்பே மகள் கிளம்பினாள். நான் வாசலில் நின்று தெருமுனைவரை அந்தச் சத்தத்தைக் கேட்டேன். இரண்டாவது கியர் கொஞ்சம் முறைத்தது. அவள் அவசரப்படுத்தவில்லை. போனது.

அதற்குப் பிறகு நான் பல் துலக்கினேனா என்று எனக்கு நினைவில்லை. போன் அடித்தபோது எடுக்கிற அவசரத்தில் ஒருமுறை அணைத்துவிட்டேன். மறுபடியும் அடித்தது.

"வந்துட்டேன்ப்பா."

"எல்லாம் சரியா இருக்கா?"

"ரொம்ப சீக்கிரம் வந்துட்டேன் போல. ஸ்கூல் கேட்டே இன்னும் தொறக்கல. காடியிலேயே உக்காந்திருக்கேன்."

"கதவைப் பூட்டிக்கம்மா."

"பூட்டிட்டேன். நீங்க போய்க் குளிங்க."